தெரிந்த பிழைகள் யாருக்குத் தெரிய வேண்டும்?

ஸ்காட்லாந்தில் டால்மெல்லிங்டன் என்று ஒரு சிற்றூர். அங்குள்ள அஞ்சல் நிலையத்திலிருந்து அதைச் சேர்ந்த ஒரு சின்னக் கிளைக்கு அவ்வப்போது ரொக்கம் போகும். 2015 அக்டோபரில் அப்படி 8,000 பவுண்டு போனது. கிளையில் இருந்தவர் பணப்பையின் பார்கோடை ஸ்கேன் செய்தார். ரசீது அச்சானது. என்டர் அழுத்தினார். வழக்கமாக அத்தோடு அந்தத் திரை மறைந்துவிடும். அன்றைக்கு மறையவில்லை. நாமாக இருந்தால் என்ன செய்வோம்? இன்னொரு முறை அழுத்துவோம். அவரும் அதைத்தான் செய்தார். ஒவ்வொரு முறை அழுத்தியதற்கும் புதிதாக ஒரு 8,000 பவுண்டு வந்து சேர்ந்ததாகக் கணினி எழுதிக்கொண்டது. கடைசியில் கணக்குப்படி 32,000 இருக்க வேண்டும், கையில் இருந்தது 8,000.

பிரிட்டனில் சப்-போஸ்ட்மாஸ்டர்கள் பெரும்பாலும் அரசு ஊழியர்கள் இல்லை. ஒரு கடையை வைத்துக்கொண்டு, அதன் ஒரு மூலையில் அஞ்சல் கவுன்டரையும் ஒப்பந்தத்தில் நடத்துகிறவர்கள். கணக்கில் குறை வந்தால் கைக்காசைப் போட்டு அடைக்க வேண்டும் என்றுதான் அஞ்சல் நிறுவனம் அவர்களிடம் சொல்லிவந்தது. டால்மெல்லிங்டன் விஷயத்தில் அந்த 24,000 பவுண்டு குறை கணினியின் கோளாறு என்று கண்டுபிடிக்கப்பட்டது. அப்புறம் பழைய பதிவுகளைத் துருவிப் பார்த்தபோதுதான் முழு விவரம் வெளியே வந்தது. 2010 முதல் அதே கோளாறு 88 கிளைகளில் 112 முறை நடந்திருக்கிறது. பெரும்பாலானவை ஏதோ ஒரு விதத்தில் அந்தந்த இடத்திலேயே நேர்செய்யப்பட்டிருந்தன. ஆனால் அவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து, இது ஒரே பிழை என்று ஐந்து ஆண்டுகளாக யாரும் சொல்லவில்லை. ஒரு கிளையில் நடந்தது அடுத்த கிளைக்குத் தெரிய வழியே இல்லை.

மென்பொருளில் பிழை இருப்பது செய்தியே இல்லை. பெரிய நிரல் எதுவானாலும் தெரிந்த பிழைகளோடுதான் வெளியே வருகிறது, எழுதுகிறவர்களுக்கும் அது தெரியும். அந்தத் தெரிந்த பிழைகளின் பட்டியல் யாருடைய மேசையில் இருக்கிறது, யார் கண்ணில் படுகிறது என்பதில்தான் சண்டையே. தொழில்நுட்ப ஏற்பாடு போலத் தோன்றும் இந்த விஷயம், தவறு யார் தலையில் விழும் என்பதையே தீர்மானித்துவிடுகிறது.

அந்த அஞ்சல் நிலையங்களின் கணினி அமைப்புக்குப் பெயர் ஹொரைசன். 1999 முதல் பிரிட்டன் முழுக்கப் பரவியது. அதைப் பராமரித்த ஃபுஜிட்சு என்ற கணினி நிறுவனத்திடம் தெரிந்த பிழைகளுக்கென்று ஒரு பதிவேடு இருந்தது. சப்போர்ட் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகிய விஷயம்தான். வரும் அழைப்பை முதல் நிலையில் இருப்பவர்கள் எடுப்பார்கள். அங்கே தீராதது இரண்டாம் நிலைக்குப் போகும். மூன்றாம் நிலையில் நிரலையும் தரவையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கும் பின்னால் நிரலை எழுதியவர்கள். ஒரே கோளாறை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து துப்பறிய வேண்டாம் என்பதற்காக, ஒருமுறை கண்டுபிடித்தவர் எழுதி வைத்துவிடுவார்: திரையில் தெரிவது இது, உள்ளே நடப்பது இது, இப்போதைக்கு இப்படிச் சமாளி, நிரந்தரத் தீர்வு இந்த வெர்ஷனில் வரும். உலகம் முழுக்க சப்போர்ட் பிரிவுகள் பின்பற்றும் ஐடிஐஎல் என்ற நடைமுறைத் தொகுப்பில் இந்த மாதிரிப் பதிவேட்டுக்குத் தனி இடம் உண்டு. அந்தத் தொகுப்பு பிறந்ததே 1980களின் இறுதியில் பிரிட்டிஷ் அரசின் கணினி முகமை ஒன்றில்தான். ஊருக்கெல்லாம் முறை வகுத்துக் கொடுத்த அதே நாட்டில்தான் பின்னால் இதெல்லாம் நடந்தது.

ஹொரைசன் பதிவேட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொறியாளர்கள் ஒழுங்காகத்தான் எழுதி வைத்தார்கள். ஆனால் கவுன்டரில் இருந்தவர் கண்ணுக்கு அது எட்டவே இல்லை. கணக்கு இடிக்கிறது என்று ஹெல்ப்லைனுக்குப் போன் செய்த பலருக்கும் கிடைத்த பதில் ஒன்றுதான்: உங்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படி வரவில்லை. ஆண்டுக்கணக்கில், ஊர் ஊராக, ஒருவரை ஒருவர் அறியாத நூற்றுக்கணக்கானவர்கள் இதே பதிலைக் கேட்டிருக்கிறார்கள். நம்மூரிலும் ‘உங்களுக்கு மட்டும்தான் சார் இப்படி வருது’ என்ற வாக்கியத்தைக் கேட்காதவர்கள் குறைவு. போனில் பேசுகிறவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். அவர் முன்னால் இருக்கும் திரையிலும் அந்தப் பட்டியல் கிடையாது என்பதுதான் பல நேரங்களில் உண்மை.

2010இல் இன்னொரு பிழை பிடிபட்டது. கணக்கு முடிக்கும்போது குறிப்பிட்ட ஒரு கட்டத்தில் ரத்து செய்தால், கிளையின் திரையில் வித்தியாசம் காணாமல் போய்விடும், பின்னாலிருக்கும் மையக் கணக்கில் மட்டும் அப்படியே நிற்கும். கிளையில் இருப்பவர் எல்லாம் நேராகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். ஏறத்தாழ 60 கிளைகளில் இது நடந்திருந்தது. அஞ்சல் நிறுவனமும் ஃபுஜிட்சுவும் உட்கார்ந்து பேசினார்கள். அந்தக் கூட்டத்தின் குறிப்பு பின்னாளில் நீதிமன்றத்துக்கு வந்தது. பிழையை எப்படிச் சரிசெய்வது என்பதோடு, இது பரவலாகத் தெரிந்தால் என்ன ஆபத்து என்றும் அதில் எழுதியிருந்தார்கள். கிளைகளுக்கு ஹொரைசன் மீதான நம்பிக்கை போய்விடும். நடந்துகொண்டிருக்கும் வழக்குகளைப் பாதிக்கும். இனி வரும் குறைகளுக்கெல்லாம் ஹொரைசனைக் குற்றம் சொல்ல அவர்கள் கையில் ஆயுதம் கிடைத்துவிடும். பிழையை மறைப்பதற்கான காரணங்களை இவ்வளவு வெளிப்படையாக எழுதி வைத்த ஆவணம் அபூர்வம்.

அதே 2010 இலையுதிர் காலத்தில்தான் வெஸ்ட் பைஃபிளீட் என்ற ஊரில் அஞ்சல் நிலையம் நடத்திய சீமா மிஸ்ரா குற்றவாளிக் கூண்டில் நின்றார். பணத்தைத் திருடியதாகக் குற்றச்சாட்டு. கணினியில்தான் கோளாறு என்று அவர் தரப்பு வாதாடியது. நிரூபிக்க ஆவணம் கையில் இல்லை. நவம்பரில் 15 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டபோது அவர் கர்ப்பமாக இருந்தார். அந்தத் தண்டனை 2021 ஏப்ரலில் ரத்தானது. அன்றைக்கு ஒரே நாளில் 39 பேருக்கு அப்படி ரத்தானது. ஹொரைசன் தரவை வைத்துத் தண்டிக்கப்பட்டவர்கள் மொத்தம் 900 பேருக்கும் மேல். கடைசியில் 2024 மே மாதம் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டு மீதித் தண்டனைகளைத் துடைக்க வேண்டியிருந்தது.

இடையில், 555 சப்-போஸ்ட்மாஸ்டர்கள் சேர்ந்து அஞ்சல் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் ஃபுஜிட்சுவின் பிழைப் பதிவேட்டைக் கேட்டபோது, அஞ்சல் நிறுவனத்தின் தரப்பு முதலில் அப்படி ஒன்று இருப்பதையே சந்தேகத்தோடு குறிப்பிட்டது. அப்புறம், இருந்தாலும் வழக்குக்குச் சம்பந்தமில்லாதது, அது ஃபுஜிட்சுவின் சொத்து, எங்கள் கையில் இல்லை என்றது. பழைய பதிப்புகள் சேமிக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டு, வாதங்கள் முடிந்த பிறகு ஆயிரக்கணக்கானவற்றைக் கொண்டுவந்து கொடுத்தது. 2019 டிசம்பர் 16ஆம் தேதி நீதிபதி ஃபிரேசர் தந்த தீர்ப்பில், ஹொரைசனில் பல பிழைகள் இருந்தன, அவை கிளைக் கணக்குகளைப் பாதித்தன என்று பதிவானது. இரு தரப்பு நிபுணர்களின் அறிக்கைகளுக்கும் பெரிய ஆதாரமாக இருந்தது, சம்பந்தமில்லாதது என்று ஒதுக்கப்பட்ட அதே பதிவேடுதான்.

மறைக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தவர்கள்

ஹொரைசன் பரவத் தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால், 1997இல், டெபியன் என்ற, லினக்ஸ் இயங்குதளத்தைத் தொகுத்துத் தரும் தன்னார்வக் குழு தன் பயனர்களுக்கு ஒரு சமூக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தது. அதில் ஒரு விதி: சிக்கல்களை மறைக்க மாட்டோம், எங்கள் பிழைத் தரவுத்தளம் முழுவதும் எல்லா நேரத்திலும் எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கும். அவர்களுடைய பிழைப் பதிவு முறை அதற்கும் முந்தையது, 1994இல் இயன் ஜாக்சன் தொடங்கியது. இன்றைக்கும் அது மின்னஞ்சலில்தான் ஓடுகிறது. ஒரு பிழையைப் பற்றி எழுதி அனுப்பினால் ஓர் எண் கிடைக்கும். அதற்குப் பிறகு அந்த எண்ணின் கீழ் நடக்கும் பேச்சு முழுவதும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பராமரிப்பாளர்கள் ஒருவரோடு ஒருவர் முறைத்துக்கொள்வது உட்பட.

இதன் அருமை தெரிய ஒரு சின்னக் கருவியைப் பார்த்தால் போதும். டெபியனில் ஏப்ட்-லிஸ்ட்பக்ஸ் என்று ஒன்றை நிறுவிக்கொள்ளலாம். அதன் பிறகு நீங்கள் ஒரு மென்பொருள் தொகுப்பை நிறுவவோ அப்டேட் செய்யவோ கட்டளை கொடுத்தால், அது முதலில் பொதுப் பிழைப் பட்டியலில் போய்த் தேடும். நீங்கள் நிறுவப்போகும் வெர்ஷனில் கடுமையான பிழை இருக்கிறது என்று யாராவது பதிந்திருந்தால், அதன் எண்ணையும் தலைப்பையும் காட்டி, தொடரலாமா என்று கேட்கும். அங்கேயே முழுப் பதிவையும் திறந்து படித்துவிட்டு முடிவு செய்யலாம். வேறொருவர் நேற்று இரவு பட்ட அவதி, இன்று காலை உங்களுக்கு எச்சரிக்கையாக வந்து நிற்கிறது. அதேபோல் புதுப் பிழையைப் பதியும்போதும், இந்தத் தொகுப்பில் ஏற்கெனவே இருக்கும் பிழைகள் இவை, உன்னுடையது இதில் ஒன்றா பார் என்று ரிப்போர்ட்பக் கருவி பட்டியலை நீட்டும். டால்மெல்லிங்டன் கிளைக்காரருக்குக் கிடைக்காமல் போனது இதுதான். தனக்கு முன் இதே திரையில் மாட்டிக்கொண்டவர்களை அவரால் பார்க்க முடிந்திருந்தால் இரண்டாவது முறை என்டர் அழுத்தியிருக்கவே மாட்டார்.

நிரலையே எல்லோருக்கும் திறந்து வைக்கும் திறந்த மூலக் குழுக்களுக்கு இது சுலபம், விற்க எதுவும் இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விற்கிறவர்கள் எப்படி இந்த வழிக்கு வந்தார்கள் என்பதற்குக் கணினிச் சில்லு செய்யும் இன்டெல்லின் கதை இருக்கிறது. 1994இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி பகா எண்களை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது இன்டெல்லின் பென்டியம் சில்லு தவறான விடை தருவதைக் கண்டார். 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.3338 என்று தொடங்க வேண்டும். அந்தச் சில்லு 1.3337 என்றது. வகுத்தலுக்குப் பயன்பட்ட ஓர் அட்டவணையில் சில இடங்கள் நிரப்பப்படாமல் விடுபட்டிருந்தன, அவ்வளவுதான். அக்டோபர் 30ஆம் தேதி அவர் சிலருக்கு மின்னஞ்சல் அனுப்பினார், அது இணையம் முழுக்கப் பரவியது. இன்டெல்லுக்கோ அந்த ஆண்டின் நடுவிலேயே தெரியும். பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் வராத பிழை என்பது அவர்கள் வாதம், யாருக்கு உண்மையில் தேவையோ அவர்களுக்கு மட்டும் மாற்றித் தருவோம் என்றார்கள். மக்களுக்குப் பிழையை விட இந்தப் பதில்தான் கோபத்தைக் கிளப்பியது. டிசம்பர் 20ஆம் தேதி, கேட்கும் எல்லோருக்கும் மாற்றித் தருவதாக அறிவித்தார்கள். 47.5 கோடி டாலர் செலவாக எழுதப்பட்டது.

இன்றைக்கு இன்டெல் ஒவ்வொரு சில்லு வரிசைக்கும் தெரிந்த பிழைகளின் பட்டியலை வெளியிடுகிறது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். படிப்பதற்குச் சுவாரசியமே இல்லாத ஆவணம், அதுவே அதன் அழகு. ஒவ்வொரு பிழைக்கும் சிக்கல் என்ன, விளைவு என்ன, மாற்று வழி என்ன, நிலை என்ன என்று நான்கே பகுதி. பல பிழைகளுக்கு நிலை என்ற இடத்தில் திருத்தம் இல்லை என்றே எழுதியிருக்கும். விற்ற சில்லில் உள்ள பிழையை இனித் திருத்தப்போவதில்லை என்று கம்பெனியே கைப்பட எழுதித் தருகிறது! அதனால் இன்டெல் வியாபாரம் படுத்துவிடவில்லை. இயங்குதளம் எழுதுகிறவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்து, ஒவ்வொரு பிழையையும் சுற்றிப் போக வழி செய்துகொள்கிறார்கள்.

அறிகுறியை யாருடைய வார்த்தையில் எழுதுவது

என்னைக் கேட்டால், ஒரு பிழைப் பதிவில் பயனருக்கும் சப்போர்ட்காரருக்கும் உயிரான பகுதி அறிகுறிதான். காரணம் நிரலாளருக்கு வேண்டும், மற்றவர்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. கவுன்டரில் இருப்பவர் ‘என்டர் அழுத்தியும் திரை போகவில்லை’ என்று தேடுவார். ‘உள்நுழைவுக்குப் பிந்தைய ஸ்கிரிப்ட் அடுக்கில் தங்கிவிட்டது’ என்று அவர் கனவிலும் தேடமாட்டார். பிழைத் தலைப்பைப் பொறியாளர் மொழியில் எழுதிவிட்டுப் பட்டியலைத் திறந்து வைத்தாலும், பயனரைப் பொறுத்தவரை அது மூடிய பட்டியல்தான். அதனால்தான் நன்றாக நடக்கும் இடங்களில் உள்ளே ஒரு பதிவும் வெளியே ஒரு பதிவுமாக இரண்டு வைத்துக்கொள்கிறார்கள். வெளியே இருப்பதை சப்போர்ட் பிரிவில் இருப்பவர்களே எழுதுவார்கள், ஏனென்றால் ஜனங்கள் போனில் எந்த வார்த்தையைச் சொல்லிப் புலம்புகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது மாற்று வழி. திருத்தம் எப்போது வரும் என்ற கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால்கூட, இந்தப் பொத்தானை இரண்டாவது முறை அழுத்தாதே, வெளியேறி மீண்டும் உள்ளே வா என்று ஒரு வரி இருந்தால் போதும், ஒருவருடைய நாள் தப்பிக்கும். மூன்றாவது, எந்த வெர்ஷனில் இருக்கிறது, எதில் இல்லை. நான்காவது, கடைசியாக எப்போது இந்தப் பதிவைத் தொட்டார்கள் என்ற தேதி. தேதி இல்லாத பதிவை நம்புவதா வேண்டாமா என்றே தெரியாது.

இதனால் சப்போர்ட் வேலை எப்படி மாறுகிறது என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பட்டியல் இல்லாதபோது முதல் நிலையில் இருப்பவரிடம் இருப்பது சடங்குகள்தான்: மறுபடி தொடங்குங்கள், தற்காலிகச் சேமிப்பை அழியுங்கள், நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவுங்கள். அரைமணி நேரம் இதெல்லாம் செய்த பிறகுதான் மேலே அனுப்பலாம். பட்டியல் இருந்தால் இரண்டே நிமிடம். ஆமாம், இது எங்கள் பக்கத்துக் கோளாறு, எண் இது, இப்போதைக்கு இப்படிச் செய்யுங்கள், சரியானதும் இதே பக்கத்தில் தெரியும். திட்டு வாங்குவதும் குறைகிறது. நம்மூர் இ-சேவை மையத்திலோ ஏதாவது அலுவலகக் கவுன்டரிலோ எந்தக் கோளாறானாலும் ‘சர்வர் டவுன்’ என்ற ஒரே பதில் வருகிறதே, அதைச் சொல்பவர் சோம்பேறி என்று அர்த்தமில்லை. அவருக்கும் வேறு எதையும் யாரும் சொல்லவில்லை. வரிசையில் நிற்கிறவருக்கும் அவருக்கும் நடுவே கண்ணாடி மட்டும்தான் வித்தியாசம், இருட்டு இருவருக்கும் ஒன்று.

திறந்து வைத்தால் மட்டும் போதாது, யாராவது படிக்கவும் வேண்டும். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய கோப்புகளை அழித்தது. டாக்குமென்ட்ஸ் போன்ற கோப்புறைகளை வேறு டிரைவுக்கு மாற்றி வைத்திருந்தவர்களின் பழைய கோப்புறை காலியாக இருக்கும் என்று அப்டேட் முடிவு கட்டிக்கொண்டு நீக்கியது, அதில் கோப்புகள் மிச்சம் இருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். சில நாள்களில் மைக்ரோசாஃப்ட் விநியோகத்தை நிறுத்தியது, நவம்பர் 13ஆம் தேதிதான் மறுபடி வெளியிட்டது. கொடுமை என்னவென்றால், முன்கூட்டியே சோதித்துப் பார்த்தவர்கள் சிலர் இதே இழப்பை மைக்ரோசாஃப்ட் பயனர் கருத்துகளை வாங்கும் ஃபீட்பேக் ஹப்பில் அதற்கு முன்பே எழுதியிருந்தார்கள். அங்கே வரிசைப்படுத்துவது ஓட்டு எண்ணிக்கையை வைத்து. கோப்பு தொலைந்தவர்கள் கொஞ்சம் பேர், நிறம் பிடிக்கவில்லை என்பவர்கள் நிறையப் பேர். ஓட்டு குறைந்தது அடியில் போய்விட்டது. பிழையின் கடுமையையும் குறிக்கும் வசதி அதன் பிறகுதான் வந்தது. 2019இல் விண்டோஸின் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தெரிந்த சிக்கல்களைத் தேதியோடும் நிலையோடும் சொல்லும் பொதுப் பக்கத்தையும் தொடங்கினார்கள். இப்போது எந்தக் கணினிகளுக்கு எந்த அப்டேட் ஏன் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக்கூட அங்கே பார்க்கலாம். அலுவலகங்களில் நூறு கணினிகளைக் கட்டி மேய்க்கும் நிர்வாகிகளுக்கு அது காலையில் எழுந்ததும் பார்க்கும் பக்கம்.

படிக்க ஆள் இருந்தும் பலகையே தவறாகச் சொன்ன வேடிக்கையும் உண்டு. 2017 பிப்ரவரி 28ஆம் தேதி அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை அமெரிக்காவின் ஒரு பகுதியில் படுத்தபோது, இணையத்தின் பாதி தள்ளாடியது. ஆனால் சேவைகளின் நிலவரம் சொல்லும் அமேசானின் நிலைமைப் பக்கத்தில் எல்லாம் பச்சை. காரணம், அந்தப் பக்கத்தை மாற்றும் கருவியே எஸ்3ஐ நம்பி இருந்தது. கோளாறைச் சொல்ல வேண்டிய பலகை கோளாறாகிவிட்டால் சொல்ல ஆள் இல்லை.

சரி, பொதுவில் வைப்பதற்கு விலையே இல்லையா? உண்டு. பிரபலமான பிழைப் பதிவின் கீழ் ‘எனக்கும்’, ‘எனக்கும்’ என்று நூற்றுக்கணக்கில் குவியும், ஒவ்வொன்றும் பராமரிப்பாளரின் அஞ்சல் பெட்டியில் போய் விழும். 2016 ஜனவரியில் திறந்த மூலப் பராமரிப்பாளர்கள் பலர் சேர்ந்து, நிரல்களையும் பிழைப் பதிவுகளையும் வைக்கும் தளமான கிட்ஹப்புக்கு எழுதிய திறந்த மடலில் இதுவும் ஒரு புகார். அந்த மார்ச்சில் கட்டைவிரல் குறி போட்டுவிட்டு நகரும் வசதி வந்தது. சம்பளமில்லாமல் வேலை பார்ப்பவர்களை வந்து வசைபாடுகிறவர்களுக்கு எந்த வசதியாலும் மருந்தில்லை. போட்டிக் கம்பெனியின் விற்பனையாளர் உங்கள் பிழைப் பட்டியலை அச்சடித்து வாடிக்கையாளர் மேசையில் வைப்பார் என்ற பயமும் வெறும் கற்பனை இல்லை. பிழையோடு சேர்த்துப் பயனர் அனுப்பும் படங்களிலும் பதிவுக் கோப்புகளிலும் அவருடைய சொந்த விவரம் இருக்கும், அதைப் பார்த்து நீக்க ஆள் வேண்டும்.

பாதுகாப்புப் பிழைகளின் கதை வேறு. பூட்டு திறக்கும் வழியைத் திருத்தம் வருமுன் ஊருக்குச் சொல்ல முடியாது. அதனால் டெபியன், மோசில்லா, குரோமியம் போன்ற திறந்த இடங்களில்கூட அவை திருத்தம் வரும்வரை மூடி வைக்கப்படுகின்றன. அங்கேயும் காலவரையறை உண்டு. கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு கம்பெனிகளுக்கு 90 நாள் கொடுக்கும், அதற்குள் திருத்தாவிட்டால் வெளியிட்டுவிடும். காலவரையறை இல்லாத ரகசியம்தான் சிக்கல். ஹொரைசனில் மறைத்தவற்றைப் பாதுகாப்புக் காரணம் என்று சொல்ல முடியாது. கணக்குப் பிழையை வெளியே சொன்னால் எந்தத் திருடனுக்கும் சாவி கிடைக்காது.

அதிகாரபூர்வப் பட்டியல் இல்லாத இடத்தில் ஜனங்களே ஒன்றைப் போட்டுக்கொள்வதும் உண்டு. ஆப்பிளின் பிழைப் பதிவு முறையில் நீங்கள் அனுப்பியதை நீங்கள் மட்டும்தான் பார்க்க முடியும். சலித்துப்போன டெவலப்பர்கள், ஆப்பிளுக்கு அனுப்பும் அதே பிழையை எல்லோரும் பார்க்கும்படி இன்னொரு பிரதி போட்டு வைக்க ஓப்பன் ராடார் என்று ஒன்றைத் தாங்களாகவே நடத்தினார்கள். கம்பெனி கொடுக்காத பட்டியலைப் பயனர்கள் கையால் படியெடுத்துச் சேர்த்தார்கள் என்றால், அதன் தேவை எவ்வளவு என்று தெரிந்துகொள்ளலாம்.

படிவத்தில் இல்லாத கட்டம்

சில துறைகளில் தெரிந்த பிழையை வெளியே சொல்லலாமா என்ற விவாதமே கிடையாது. போயிங் 787 விமானத்தின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகளில் ஒரு பிழை 2015இல் பிடிபட்டது. மின்சாரத்தை நிறுத்தாமல் தொடர்ந்து 248 நாள் ஓடவிட்டால் உள்ளிருக்கும் ஓர் எண்ணி நிரம்பி வழிந்து, எல்லா மின்னாக்கிகளும் ஒரே நேரத்தில் நின்றுபோகக்கூடும். நூறில் ஒரு வினாடிக்கு ஒன்றாக எண்ணிக்கொண்டே போனால், 32 பிட் எண்ணில் கூட்டல்-கழித்தல் குறிக்கு ஒன்று போக மீதி 31 பிட்டும் நிரம்ப ஏறத்தாழ அதே 248 நாள்தான் ஆகும் என்பதை நிரலாளர்கள் உடனே கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் பொது ஆணை வெளியிட்டது. திருத்தம் வரும்வரை 120 நாள்களுக்கு ஒருமுறையாவது மின்சாரத்தை முழுக்க அணைத்துப் போட வேண்டும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள் என்ற அதே சப்போர்ட் மந்திரம்தான், இங்கே அதற்குச் சட்ட பலம். பிழையும் மாற்று வழியும் யார் வேண்டுமானாலும் படிக்கும் அரசு ஆவணத்தில் இருக்கின்றன. வானத்திலிருந்து விழக்கூடியவற்றுக்கு வகுத்த இந்த ஒழுங்கு, ஒருவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய கணக்கு மென்பொருளுக்கு ஏன் இல்லை என்பதற்குச் சரியான பதிலை நான் எங்கும் படித்ததில்லை.

பிரிட்டிஷ் சட்டத்தில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. கணினித் தரவைச் சாட்சியமாகக் கொடுக்கிறவர், அந்தக் கணினி சரியாக இயங்கியது என்று காட்ட வேண்டும் என 1984ஆம் ஆண்டின் சட்டத்தில் 69ஆம் பிரிவு இருந்தது. தேவையில்லாத தொல்லை என்று 1999இல் அதை நீக்க முடிவு செய்தார்கள். அதன் பிறகு, மாறாகக் காட்டாதவரை கணினி சரியாகவே இயங்கியது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். மாறாகக் காட்ட வேண்டுமானால் பிழைப் பட்டியல் வேண்டும். பட்டியல் வழக்குத் தொடுத்த அஞ்சல் நிறுவனத்தின் பக்கத்தில் இருந்தது. ஹொரைசன் வழக்குகள் பெரும்பாலும் நடந்தது இந்த விதியின் கீழ்தான். அந்த அனுமானத்தை மாற்றலாமா என்று 2025 ஜனவரியில் பிரிட்டனின் நீதித்துறை அமைச்சகம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது.

இந்தியாவில் இந்தப் பொறுப்பு காகிதத்தில் இன்னும் சாட்சியம் கொடுப்பவர் மீதுதான். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு இருந்த இடத்தில், 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு இருக்கிறது. மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் வைக்க வேண்டும். அதற்கான படிவமும் சட்டத்தின் அட்டவணையிலேயே உண்டு, ஒரு பகுதியைத் தரப்பினரும் இன்னொரு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். கருவியின் தயாரிப்பு, மாடல், சீரியல் எண், கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பு எல்லாம் கேட்கிறார்கள். அந்தக் காலகட்டத்தில் கருவி சரியாக இயங்கியது, எப்போதாவது சரியாக இயங்காமல் இருந்திருந்தாலும் அது பதிவின் துல்லியத்தைப் பாதிக்கவில்லை என்ற வாசகம் அச்சடித்தே இருக்கிறது, கீழே கையெழுத்துப் போட்டால் போதும். அந்த மென்பொருளின் அந்த வெர்ஷனில் அப்போது தெரிந்திருந்த பிழைகள் எவை என்று கேட்கும் கட்டம் மட்டும் படிவத்தில் இல்லை.